ஏழாம் எண்ணின் பிழைகள்

6 ஜூலை

ஊமைக்கோட்டானுக்கு,

அண்ணன் எழுதுறேன். நான் சௌக்கியம். அம்மாவோட முட்டி வலி எப்படி இருக்கு? அப்பா இருமல் மருந்தைக் குடிக்கிறாரா, இல்ல ஜன்னல் வழியா ஊத்துறாரா?

போன வாரம் அப்பா போனை உன் கையில குடுத்தார். நான் பேசிக்கிட்டே இருந்தேன். உன் பக்கத்துலேருந்து மூச்சு விடுற சத்தம் மட்டும்தான் வந்துச்சு. மூச்சுச் சத்தம் கேட்டு மருந்து எழுதிக் குடுக்க நான் என்ன டாக்டரா? அதனாலதான் இந்தக் கடுதாசி. உனக்குப் பேச வாய் வராது. ஆனா எழுத உட்கார்ந்தா நிறுத்த மாட்டே. ஒன்பதாவதோட நின்னாலும் நம்ம வீட்டுல நல்ல கையெழுத்து உன்னோடதுதான்.

விஷயத்துக்கு வர்றேன். இது எனக்குக் கடைசி வருஷம். கம்ப்யூட்டர் இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ்னா என்னன்னு அம்மா இன்னும் கேக்குறாங்கன்னு அப்பா சொன்னார். இப்படிச் சொல்லு: ஒரு இடத்துல மனுஷங்க எப்படி வேலை செய்றாங்கன்னு பாத்து, அதையே கம்ப்யூட்டருக்குப் புரியிற மாதிரி எழுதுற படிப்பு. இந்த வருஷம் நிஜமா தொழில் நடக்கிற ஒரு இடத்தைப் பிடிச்சு, அங்கே ஓடுற மாதிரி ஒரு ப்ரோக்ராம் செஞ்சு காட்டணும். அது இல்லாம டிகிரி இல்லை. கூடப் படிக்கிற பசங்க மாமா கடை, சித்தப்பா ஆஸ்பத்திரின்னு ஆளுக்கு ஒண்ணு பிடிச்சுட்டாங்க. எனக்கு யார் இருக்கா? நீதான் இருக்கே.

உங்க சலவைக்கூடத்து முதலாளிகிட்ட அனுமதி கேளு. அப்புறம் துணி உள்ளே வர்றதுலேருந்து வெளியே போற வரைக்கும் யார் எங்கே நிக்கிறாங்க, என்ன செய்றாங்கன்னு எல்லாத்தையும் எழுது. சின்ன விஷயம்தானேன்னு எதையும் விட்டுடாதே.

உடம்பைப் பாத்துக்கோ.

அண்ணன்


17 ஜூலை

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி மாடிப்படியில் ஏறும்போது மட்டும்தான் வலிக்கிறதாம். அப்பா மருந்து குடிக்கிறார். ஜன்னலை அம்மா சாத்திவிட்டாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன முறை வந்தபோது சட்டை உன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் கேட்பதற்காக அவர் அறை வாசல்வரை பல தடவை போனேன். யாராவது பார்த்தால் கதவைத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கடைசியில் வாயாடி அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

“என்னடி, அந்தக் கதவு மேல உனக்கு அப்படி என்ன ஆசை? தேய்ஞ்சு காகிதமாயிடும் போலிருக்கே” என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முதலாளிக்கு முன்னால் நிறுத்தினாள்.

“முதலாளி, எங்க ஊமைப் பொண்ணோட அண்ணன் கம்ப்யூட்டர் படிக்கிறான். நம்ம அழுக்குத் துணியைப் பாத்துப் பரீட்சை எழுதணுமாம். இவ்வளவு அழுக்கு வேற எங்கேயும் கிடைக்கலையாம். சீக்கிரம் சரின்னு சொல்லுங்க, பொண்ணு மயக்கம் போட்டு விழுந்துடும்.”

முதலாளி சிரித்துவிட்டார். “சும்மா செஞ்சு குடுப்பானா?” என்றார்.

“உங்ககிட்ட காசு கேக்குற தைரியம் யாருக்கு இருக்கு?” என்றாள் அக்கா. அவர் சரி சொல்லிவிட்டார்.

இந்த அக்காவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? மேசையில் எனக்கு வலப்பக்கம் நிற்பவள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுகிறாள். எங்கள் சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்கு முன் தொண்டையைச் செருமுவார். அதனால் அவருக்குப் பெயர் தொண்டை. அவர் என்னைத் திட்ட ஆரம்பித்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அக்கா பதில் சொல்வாள்.

நீ கேட்ட வேலை இதுதான். கீழ்த்தளத்துக்கு மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். துவைத்து உலர்த்தி மேலே அனுப்புவார்கள். மேலே நீளமான ஒரு மேசை. நாங்கள் எட்டுப் பெண்கள் நிற்போம். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் நிற நூல் தைத்திருக்கும். சிவப்பு பெரிய ஆஸ்பத்திரி. மஞ்சள் பிரசவ ஆஸ்பத்திரி. நீலம் ஒரு ஹோட்டல், பச்சை அதற்கு எதிர்வாசல் ஹோட்டல். அந்த இரண்டு ஹோட்டல்காரர்களுக்கும் ஆகாது. ஒருவர் விரிப்பு மற்றவரிடம் போய்விட்டால் போன் உடைகிற மாதிரிக் கத்துவார்கள். நூலைப் பார்த்துப் பிரித்து, மடித்து, பத்துப் பத்தாகக் கட்டி, நடுவில் இருக்கும் அலமாரியில் அடுக்குவோம். சாயங்காலம் வண்டி வந்து எடுத்துப் போகும்.

விட்டது ஏதாவது இருந்தால் கேள். எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை.

அம்மா உன்னை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறாள்.

தங்கை


4 ஆகஸ்ட்

ஊமைக்கோட்டானுக்கு,

நலம். எண்ணெய் தேய்க்க நேரம் இல்லைன்னு அம்மாகிட்ட சொல்லு. தலையே கொதிக்குது.

உன் கடுதாசியைப் பாத்து அழகா ஒரு படம் போட்டேன். துணி இங்கேருந்து இங்கே போகுதுன்னு அம்புக்குறி எல்லாம் போட்டு எடுத்துக்கிட்டு போனேன். எங்க கைடு, அதாவது இந்த ப்ராஜெக்டுக்கு வழிகாட்டுற வாத்தியார், எதைக் குடுத்தாலும் பாதியை வெட்டுவார். பசங்க வச்ச பேரு கத்தரி. இந்த முறை பாதி இல்லை, முழுசா வெட்டிட்டார்.

“துணி வருது, மடிக்கிறாங்க, போகுது. இதுல பிரச்சினை எங்கேடா? பிரச்சினை இல்லாத இடத்துக்கு கம்ப்யூட்டர் எதுக்கு? முதல் பக்கத்துல பிரச்சினை என்னன்னு ஒரு பத்தி எழுதணும். அது இல்லாம வராதே”ன்னு சொல்லிட்டார். எல்லார் முன்னாலயும்.

அதனால நல்லா யோசிச்சு எழுது. அங்கே தப்பு எங்கே நடக்குது? யாரால நடக்குது? நடந்தா யார் சரி பண்றாங்க? மாசக் கடைசிக்குள்ள தலைப்பு குடுக்கலைன்னா ஒரு வருஷம் போயிடும். அப்புறம் இன்னொரு வருஷ ஃபீஸுக்கு நீ இன்னும் எத்தனை விரிப்பு மடிக்கணும்னு நினைச்சுப் பாரு.

அப்பாவோட இருமல் எப்படி இருக்கு?

அண்ணன்


12 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவுக்கு இருமல் தேவலை. அம்மாவும் நானும் சுகம். எல்லார் முன்னாலும் அவர் உன்னைத் திட்டியதைப் படித்தேன். எனக்கென்றால் பழக்கம்தான். உனக்கு அப்படி நடக்கக் கூடாது.

நீ கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் இடத்தில் தப்பு நடப்பதில்லை. நடந்தாலும் வெளியே தெரிவதில்லை. எப்படி என்று உனக்கு மட்டும் சொல்கிறேன்.

வாயாடி அக்காவுக்குச் சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது. சிவப்பும் மஞ்சளும் பிடிபடும். நீலமும் பச்சையும் அவளுக்கு ஒன்றுதான். விரிப்பைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தால் தொண்டைக்குத் தெரிந்துவிடும். அதனால் கையில் வந்ததைப் பேச்சோடு பேச்சாக ஏதாவது ஒரு கட்டில் போட்டுவிடுவாள். நான் சாப்பாட்டு நேரத்தில் சீக்கிரம் முடித்துக்கொண்டு அலமாரிக்குப் போய் அவள் கட்டுகளைப் பிரித்து, நிறம் மாறியதை மாற்றி வைத்துக் கட்டிவிடுவேன். எந்தக் கட்டு அவளுடையது என்று முடிச்சைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. அவள் தினமும் தன் டப்பாவில் பாதியை எனக்கு எடுத்து வைப்பாள். அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் படுக்கையில் இருக்கிறார். அவள் சம்பளம்தான் வீடு. மேசையில் யாருக்கும் இது தெரியாது. நீயும் மறந்துவிடு.

இதைத் தவிரப் பிரச்சினை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் விரிப்பு சரியாக உலராது. வண்டி சில நாள் தாமதமாக வரும். அதில் ஏதாவது உனக்கு உதவுமா?

நன்றாகத் தூங்கு.

தங்கை


21 செப்டம்பர்

என் தங்கக் கோட்டானுக்கு,

நான் ரொம்ப நல்லா இருக்கேன். நீங்க எல்லாரும் சௌக்கியமா?

தலைப்பு பாஸ்! உன் கடுதாசி படிச்சப்ப சட்டுன்னு பொறி தட்டுச்சு. ராத்திரியோட ராத்திரியா எழுதி, மறுநாளே குடுத்துட்டேன். கத்தரி ரெண்டு முறை படிச்சார். ஒரு வரி வெட்டலை. “இப்பத்தான்டா பிரச்சினை மாதிரி ஒரு பிரச்சினை கொண்டு வந்திருக்கே”ன்னார்.

அக்டோபர் கடைசியில நேர்ல வந்து மாட்டிக் குடுக்கிறேன். முதலாளிகிட்ட போன்ல பேசிட்டேன். ஆபீஸ்ல இருக்கிற பழைய கம்ப்யூட்டரே போதும்னு சொன்னதும் மனுஷனுக்கு ஒரே சந்தோஷம்.

மத்ததை வந்து சொல்றேன். ப்ரோக்ராம் எழுதி எழுதி விரல் மரத்துப் போச்சு. அம்மாகிட்ட நல்லா சாப்பிடுறேன்னு சொல்லு.

அண்ணன்


9 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ விட்டுப்போன துண்டை அம்மா துவைத்து வைத்திருக்கிறாள்.

நீ கேபிள் மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நீ பையிலிருந்து இரண்டு நூல்கண்டை எடுத்து அவள் முன்னால் நீட்டி, “அக்கா, சும்மா ஒரு விளையாட்டு. இதுல பச்சை எது?” என்று கேட்டாய். நான் அப்போது மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

அவள், “நிறத்தைப் பாத்து எனக்கு மாப்பிள்ளையா பாக்கப் போறே தம்பி?” என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும்தான். சிரித்துக்கொண்டே உன் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டாய். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குத்தான் அவள் முகம் தெரிந்தது. என் முகம் அவளுக்கு எவ்வளவு தெரிந்ததோ.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதில்லை. மற்றவர்களிடமும் குறைத்துக்கொண்டாள். மேசை முழுக்க மெஷின் சத்தம்தான் கேட்கிறது. டப்பாவை மூடியே வைத்திருக்கிறாள்.

நீ செய்தது என்ன என்று நீ போன பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஆளுக்கு ஒரு எண். அக்கா ஆறு, நான் ஏழு. ஒரு கட்டு முடிந்ததும் மேசையில் இருக்கும் பொத்தான் பெட்டியில் எண்ணை அழுத்தினால் ஸ்டிக்கர் வரும். கட்டில் ஒட்டி உடனே மூடி போட்ட தள்ளுவண்டியில் போட்டுவிட வேண்டும். அலமாரியைக் கழற்றிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஹோட்டலிலிருந்து புகார் வந்தால் ஸ்டிக்கரைப் பார்த்து யார் கட்டு என்று கம்ப்யூட்டர் சொல்லுமாம். புகாரே வராமல் இருந்த இடத்தில் இந்த வாரமே புகார் வந்துவிட்டது. “இத்தனை நாள் மறைஞ்சிருந்தது இப்பத்தான் வெளியே வருது” என்று முதலாளி தொண்டையிடம் சொன்னார்.

அண்ணா, ஆறாம் எண்ணை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விடும்படி செய்ய முடியுமா? உன்னால் முடியாதது இருக்காது. மாதக் கடைசியில்தான் மொத்தக் கணக்கும் அச்சாகும் என்றாய். அதற்குள் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


6 டிசம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அப்பா போனில் கேட்டபோது பரீட்சை என்று சொன்னாயாம். இங்கே எல்லாரும் நலம்.

நீ பதில் எழுதாததால் நானே ஒரு வழி செய்துவிட்டேன். பொத்தான் பெட்டி எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இருக்கிறது. அதிலுள்ள எண்கள் அவளுக்குத் தெரிவதில்லை. நான்தான் இருவருக்கும் அழுத்துகிறேன். அவள் கட்டுக்கு ஏழு அழுத்துகிறேன். என் கட்டுக்கு ஆறு. போன மாத நடுவிலிருந்தே இப்படித்தான்.

அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். நேற்று என் விரல் பொத்தானில் இருக்கும்போது அவள் தன் விரலை அதன்மேல் வைத்துத் தடவிப் பார்த்தாள். கீழ்வரிசையா மேல்வரிசையா என்று பார்த்திருப்பாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். இன்று டப்பாவில் பாதி எனக்கு இருந்தது.

போன மாதக் கணக்கில் ஏழாம் எண்தான் கடைசி. தொண்டை என் முன்னால் வந்து செருமினார். “பாத்து வேலை செய். உன் அண்ணன் மெஷினே உன்னைக் காட்டிக் குடுக்குது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கஷ்டமாக இல்லை. அண்ணன் மெஷின் செய்து கொடுத்த இடத்தில் தங்கையை வேலையை விட்டா தூக்கிவிடுவார்கள்? திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்.

பரீட்சை நன்றாக எழுது. முடிந்ததும் இரண்டு வரி போடு.

தங்கை


4 ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? இந்த மாதம் அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றபடி சுகம்.

இரண்டாவது கணக்கும் வந்துவிட்டது. தொண்டை அதை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார். ஏழாம் எண்ணுக்கு எதிரே சிவப்புக் கோடு போட்டிருந்தது. முதலாளியே மேலே வந்தார்.

“படிச்ச அண்ணன், படிக்காத தங்கை. ஒரே வீட்டுலதானே சோறு தின்னீங்க?” என்றார். “ஹோட்டல்காரன் ரெண்டு பேரும் என் மானத்தை வாங்குறாங்க. உன் கண்ணுல கோளாறா, மூளையில கோளாறா, சொல்லு.”

வழக்கம்போல் வலப்பக்கம் பார்த்தேன். அக்கா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். மூலையை மூலையோடு சேர்த்து, நீவி, திரும்பவும் பிரித்து, அதே விரிப்பைத் திரும்ப மடித்தாள். நிமிரவே இல்லை.

நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்திருந்தால் நாங்கள் இரண்டு பேருமே அன்றைக்கே போயிருப்போம்.

நாளை முதல் என்னை வர வேண்டாம் என்று தொண்டை சொன்னார். முதலாளி கொஞ்சம் யோசித்து, “அவ அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். மெஷின் புதுசு. அவன் என்ன சொல்றானோ அதுதான்” என்றார். இந்த வாரம் உனக்குப் போன் செய்வார்.

அண்ணா, உண்மையைச் சொல்ல வேண்டாம். சொன்னால் அக்கா போய்விடுவாள். மெஷின் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, இப்போதைக்கு அந்தக் கணக்கை வைத்து யாரையும் அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல். பொய்கூட இல்லையே. நீ சொன்னால் கேட்பார். நான் திரும்பப் போனதும் வேறு ஏதாவது வழி பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கை


30 ஜனவரி

ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடுதாசி எல்லாம் வந்துச்சு. நான் சௌக்கியம். பரீட்சை, ரிப்போர்ட், பைண்டிங்னு மூச்சு விட நேரமில்லை. கோவிச்சுக்காதே.

முதலாளி போன் பண்ணினார். ரொம்ப மரியாதையா பேசினார். “தம்பி, மெஷின் தப்பா சொல்ல வாய்ப்பு இருக்கா?”ன்னு கேட்டார். பக்கத்துல கத்தரி உட்கார்ந்திருந்தார். நான் என்ன சொல்ல முடியும்? ப்ரோக்ராம் சரியாத்தான் ஓடுதுன்னு சொன்னேன். அது நிஜம்தானே. எந்த நம்பரை அழுத்தினாலும் அந்த நம்பர்தான் விழுது.

ரிப்போர்ட்ல முடிவுகள்னு ஒரு பகுதி இருக்கு. “ரெண்டே மாசத்துல பலன் தெரிஞ்சிருக்கு, இதுதான்டா ப்ராஜெக்ட்”னு கத்தரி தோள்ல தட்டினார். மூணு வருஷத்துல அவர் யார் தோள்லயும் தட்டினது இல்லை.

இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. ப்ரோக்ராம் பயன்பட்டுச்சுன்னு முதலாளிகிட்டேருந்து ஒரு சான்று வேணும். சீல் வச்சு, கையெழுத்துப் போட்டு. தபால்ல கேட்டா அவர் மறந்துடுவார். நீ நேர்ல போய் வாங்கி அனுப்பு. பிப்ரவரிக்குள்ள வந்தாகணும்.

கடைசி ஃபீஸ் கட்டியாச்சு. இனிமே உனக்கும் பாரம் இல்லை. கொஞ்ச நாள் வீட்டுல நல்லா ரெஸ்ட் எடு. அம்மாவுக்கும் ஒத்தாசையா இருக்கும்.

அண்ணன்


19 பிப்ரவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். நீ கேட்ட சான்று இதனுடன் இருக்கிறது. மடிப்பில் சீல் அழியாமல் இருக்க நடுவில் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன்.

போனபோது முதலாளி மேலே, மேசைப் பக்கம் நின்றிருந்தார். விஷயத்தைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். “ஓ, அவனுக்கா? தாராளமா” என்று ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு டைப் அடிக்கச் சொன்னார். அடித்துக் கொண்டுவந்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை.

“நீதானே கொண்டுபோகப் போறே, படி. தப்பில்லாம இருக்கான்னு பாக்கணும்.”

“சத்தமா” என்றார் தொண்டை.

மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள், சாப்பாட்டு நேரம். எல்லாரும் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் நின்று படிக்கச் சொன்னபோதெல்லாம் எனக்கு வராத குரல் அன்று வந்தது. “இம்மென்பொருளின் உதவியால் எமது கூடத்தில் தொடர்ந்து பிழை செய்துவந்த ஏழாம் எண், ஆறாம் எண் பணியாளர்கள் இருவர் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டனர். இதனால் எமது நிறுவனம் பெரிதும் பயனடைந்தது.”

“நல்லா படிக்கிறியே. வேலையில இருந்தப்ப இந்த வாய் எங்கே போச்சு?” என்றார் முதலாளி. கையெழுத்துப் போட்டார்.

ஆறாம் எண் எப்படி வந்தது என்று நீ கேட்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன். நான் போனதும் இடப்பக்கம் புதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் அக்காவின் கட்டுக்கு அக்காவின் எண்ணையே அழுத்தினாள். அந்த வாரத்திலேயே முடிந்துவிட்டது. போகும்போது அக்கா யாரிடமும் ஒன்றும் பேசவில்லையாம். அதைத்தான் எல்லாரும் ஆச்சரியமாகச் சொன்னார்கள்.

சீல் வைத்துக் கொடுக்கச் சாயங்காலம் ஆக்கிவிட்டார்கள். சான்றை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. அக்கா அங்கே நின்றிருந்தாள். கையில் கண் மருத்துவமனைப் பை. என்னைப் பார்த்தாள் என்று நினைத்தேன். பஸ் ஒன்று வந்து நின்றது. அவள் என் பக்கம் திரும்பி, “ஏம்மா, இது எந்த நம்பர்?” என்று கேட்டாள்.

சொன்னேன்.

அவளோடு அத்தனை நாள் நின்றும் என் குரலை அவள் அதிகம் கேட்டதில்லை. “நல்லா இரும்மா” என்று சொல்லிவிட்டு, படியைக் காலால் தடவிப் பார்த்து ஏறிப் போனாள்.

சான்று கிடைத்ததா என்று எழுது.

தங்கை


25 ஏப்ரல்

என் அருமைக் கோட்டானுக்கு,

எல்லாரும் சௌக்கியமா? சான்று அப்பவே கிடைச்சுது. எழுத நினைச்சு நினைச்சே விட்டுப் போச்சு.

இனிமே என்னைப் பட்டதாரின்னு கூப்பிடலாம்! ப்ராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வு முடிஞ்சுது. எங்க வகுப்புலயே எனக்குத்தான் முதல் மார்க். அம்மா அப்பாகிட்ட நீயே சொல்லு, உன் வாயால சொன்னா சந்தோஷப்படுவாங்க.

நடந்ததைக் கேளு. வெளியிலேருந்து வந்த பரீட்சகர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பாத்தார். திடீர்னு, “ஒருத்தர் நம்பரை இன்னொருத்தர் அழுத்தினா உன் ப்ரோக்ராம் என்ன பண்ணும்?”னு கேட்டார். கத்தரி முகம் போன போக்கை நீ பாக்கணும். பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டார். நான் அசரலை. “தெரியும் சார், அந்த ஓட்டை இருக்கு. ரிப்போர்ட்ல கடைசிப் பகுதியில எழுதியிருக்கேன். அடுத்த தடவை பொத்தானுக்குப் பதில் கைரேகை வைக்கப் போறேன். அப்ப யாரும் யாருக்காகவும் அழுத்த முடியாது”ன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டார். “படிக்கும்போதே இது எப்படிப்பா தோணுச்சு?”ன்னார்.

“ஒரு யூசர் சொன்னாங்க சார்”னேன்.

பாத்தியா, பயன்படுத்துறவங்ககிட்ட இப்படித்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு மத்த பசங்களுக்கு என்னை உதாரணம் காட்டினார்.

உங்க முதலாளியே கைரேகை மெஷினுக்கும் ஆர்டர் குடுத்திருக்கார். ஒரு கம்பெனியிலயும் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. சேரும்போதே புது வாடிக்கையாளர் யாரையாவது கொண்டு வந்தா நல்ல பேர் கிடைக்கும். நீ மாத்திரை அட்டை பேக் பண்ற இடத்துல சேர்ந்திருக்கேன்னு அம்மா சொன்னாங்க. ரொம்ப நல்லதாப் போச்சு. அங்கே எத்தனை பேர், யார் எங்கே நிக்கிறாங்க, யார் மெதுவா செய்றாங்க, யார் யாருக்கு உதவுறாங்க, எல்லாம் விவரமா எழுது. உன்னை மாதிரி எழுத யாராலயும் முடியாது.

உன் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருப்பேன்.

அண்ணன்


11 மே

அண்ணனுக்கு,

அம்மா நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நீ பாஸான செய்தியை இருவரிடமும் சொன்னேன்.

நீ கேட்ட விவரம்: காலையில் வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன்.

தங்கை